மழைமானியும் லயன் காம்பராவும்

ஒவ்வொரு காலமும் தனக்கென ஒரு மந்திரச் சொல்லைத் தேடிக்கொள்கிறது. எமது காலத்தின் மந்திரச் சொற்களுள் ஒன்று ‘ஸ்மார்ட் நகரம்’ என்பது. தெருவிளக்கு முதல் குப்பைத்தொட்டி வரை, குடிநீர்க் குழாய் முதல் வாகன நெரிசல் வரை யாவற்றையும் உணர்கருவிகள் அளக்கும். அளந்தவற்றைக் கணினி வலையமைப்பு ஓரிடத்திற் சேர்க்கும். சேர்த்தவற்றைக் கொண்டு நகரம் சிக்கனமாகவும் இயற்கைக்குக் கேடின்றியும் ஆளப்படும் என்பதே அச்சொல் தரும் வாக்குறுதி. இந்தியா 2015ஆம் ஆண்டில் நூறு நகரங்களை இலக்காகக் கொண்டு இத்தகைய திட்டமொன்றைத் தொடங்கிற்று. இலங்கையின் நகரத் திட்டங்களிலும் இச்சொல் புகுந்துவிட்டது. நிலைபேறான நகர வாழ்வு என்ற தொடர் அதன் உடன்பிறப்பாக எங்கும் உச்சரிக்கப்படுகிறது.

விஞ்ஞானத்தின் துணையை வேண்டாமென்று ஒதுக்குவோர் அல்லர் நாம். மழையை அளப்பதும், நீரை அளப்பதும், நிலத்தின் அசைவை அளப்பதும் மனித அறிவின் சிறந்த பேறுகள். ஆயினும் வரலாறு கற்போரும் கற்பிப்போரும் இச்சொல்லைக் கேட்டவுடன் எழுப்பவேண்டிய கேள்விகள் மூன்று உள்ளன. அளப்பவர் யார்? அளக்கப்படுவது எது? அளந்து பெற்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு முடிவு செய்யும் உரிமை யாருக்குரியது? இக்கேள்விகளுக்கு விடை காணப் பெருநகரங்களைத் தேடிப் போகவேண்டியதில்லை. பதுளைக்கும் அதைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களுக்கும் வந்தாற் போதும். கணினி பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னரே அங்குலம் அங்குலமாக அளக்கப்பட்ட மலைகள் இவை.

அளக்கப்பட்ட மலை

1817–18ஆம் ஆண்டுகளில் எழுந்த ஊவா–வெல்லஸ்ஸப் பேரெழுச்சியை ஆங்கிலேயர் தீயினாலும் வாளினாலும் அடக்கினர். வயல்கள் எரிக்கப்பட்டன, நீர்நிலைகள் பாழாயின. எழுச்சிக்குத் தலைமை தாங்கிய கெப்பட்டிப்பொல 1818 நவம்பரிற் சிரச்சேதம் செய்யப்பட்டான். இருபதாண்டுகளின் பின் வந்த 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்டவியலாத காடுகளையும் தரிசு நிலங்களையும் அரசின் உடைமையெனக் கருத வழி செய்தது. நிலஅளவையாளனின் சங்கிலி மலையேறிற்று. சிங்களக் குடியானவன் தன் சேனை நிலத்தை இழந்தான். தமிழகத்தின் வறண்ட கிராமங்களிலிருந்து அழைத்துவரப்பட்ட உழைப்பாளியோ, அந்நிலத்தைத் தோட்டமாக்கியும் அதில் ஓரடி மண்ணுக்கும் உரியவனாகவில்லை. இவ்விரு இழப்புகளும் ஒரே வேரிற் கிளைத்தவை என்பதை நாம் மறந்துவிடலாகாது.

1869இல் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் காணப்பட்டது. அடுத்த இருபதாண்டுகளுக்குள் கோப்பி வீழ்ந்து, அதனிடத்தில் தேயிலை வந்தது. தேயிலையோடு அளவுக் கலையும் முழு வளர்ச்சி பெற்றது. கோப்பி பருவத்துக்குப் பறிக்கப்படுவது. தேயிலையோ ஆண்டு முழுவதும் பறிக்கப்படுவது. பறித்த கொழுந்து அன்றே ஆலைக்குச் சேராவிடிற் கெட்டுவிடும். ஆகவே காலமும் நிறையும் ஈரமும் வெப்பமும் இடையறாது கணிக்கப்படவேண்டியவையாயின. துரையின் அலுவலகத்துக்கு அருகே மழைமானி நின்றது. நாள்தோறும் காலையில் அதன் அளவு பேரேட்டில் ஏறிற்று. ஆலைக்குள்ளே ஈரக்குமிழும் உலர்குமிழும் கொண்ட வெப்பமானிகள் தொங்கின. கூடைக்கும் ஈரத்துக்குமெனக் கழிக்கப்பட்ட நிறை போக, பெண்கள் கொய்து வந்த கொழுந்து தராசில் ஏறிக் கணக்கப்பிள்ளையின் ஏட்டில் எண்ணாகப் பதிந்தது. நகரங்களிலேயே மின்விளக்கு அரிதாயிருந்த நாட்களில், மலைநாட்டுத் தோட்டங்கள் பல தம் ஓடைகளிற் சிறு நீர்ச்சுழலிகளை அமைத்து ஆலை இயந்திரங்களை ஓட்டின.

1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேத்தென்ன தோட்டத்தை வாங்கினான். உயர்ந்த சரிவுகளிலிருந்து கொழுந்து மூட்டைகளை ஆலைக்கு இறக்க வான்வழிக் கம்பிகள் அமைக்கப்பட்டன. புகையிரதப் பாதை 1885இல் நானுஓயாவையும், 1893இல் அப்புத்தளையையும், 1894இற் பண்டாரவளையையும் எட்டிற்று. அங்கிருந்து பதுளைக்கு வந்து சேர மேலும் முப்பதாண்டுகள் பிடித்தன. 1924 ஏப்ரலில் பதுளை நிலையம் திறக்கப்பட்டது. பாதை தன்னையே சுற்றிவந்து நிலையத்தின் அடியில் நுழையும் தெமோதரைச் சுற்றும், உருக்குச் சட்டமின்றிக் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் எழுந்த ஒன்பது வளைவுப் பாலமும் இன்று உல்லாசப் பயணிகளின் படங்களை அலங்கரிக்கின்றன. அவை எழுந்த நோக்கம் தேயிலைப் பெட்டி கொழும்புத் துறைமுகத்தைத் தவறாது சென்றடைய வேண்டும் என்பதாகும்.

உணர்கருவி, வலையமைப்பு, உடனடி முடிவு ஆகிய மூன்றும் சேர்ந்ததே ‘ஸ்மார்ட்’ என்றால், ஊவாத் தோட்டம் அன்றே அவ்வாறு இருந்தது எனலாம். ஜூலை தொடங்கிச் செப்டெம்பர் வரை மலையிறங்கும் வறண்ட கச்சான் காற்று தேயிலைக்கு எத்தகைய மணத்தைத் தரும் என்பதைத் தோட்டம் அறிந்திருந்தது. இவ்வளவு அறிவும் தொழிலாளி குடியிருந்த இடத்தின் வாசலோடு நின்றுவிட்டது. ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட ஓர் அறை. அடுத்த அறைக்கும் இதற்கும் ஒரே சுவர். அந்த லயன் காம்பராவுக்குள் ஒரு குடும்பம். அதனுள் எத்தனை பேர் மூச்சு விடுகிறார்கள் என்பதையோ, அதன் பின்புற மண்மேடு எத்தனை மழைக்குத் தாங்கும் என்பதையோ எந்தக் கருவியும் அளக்கவில்லை.

எண்ணப்படாத மனிதர்

தொழிலாளியைத் தோட்டம் எண்ணவேயில்லை என்று சொல்லிவிட முடியாது. கடனாளியாக எண்ணிற்று. ‘துண்டு’ என்ற பெயரில் வழங்கிய சீட்டு, ஒரு தொழிலாளி எவ்வளவு கடன்பட்டிருக்கிறான் என்பதைச் சொல்லிற்று. அக்கடனைத் தீர்க்கும் துரையிடம் அவன் கைமாறினான். அம்முறை 1921இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பெரட்டுக்களத்திலும் அவன் எண்ணப்பட்டான், அன்றைய வேலைக்கு வந்த கைகளில் ஒன்றாக. குடியாக எண்ணப்படவேண்டிய வேளை வந்தபோது கணக்கேடு மூடப்பட்டது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கிற்று. 1964 அக்டோபர் 30இல் இரு நாட்டுத் தலைவர்கள் ஒப்பமிட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே என்று மனிதரைப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னர் பேசப்படுமென ஒத்திவைக்கப்பட்டது. எஞ்சியோருக்குச் சட்டத்தின் முழுமையான தீர்வு கிடைக்க 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

குடிசன மதிப்பீட்டின் வகுப்பையும் நோக்குங்கள். நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என அது மூன்றாகப் பிரித்தது. 20 ஏக்கருக்குக் குறையாத பரப்பும், அங்கேயே குடியிருக்கும் தொழிலாளர் 10 பேருக்குக் குறையாத தொகையும் உடையது தோட்டம் என்பது அதன் வரைவிலக்கணம். ஊரும் அன்று, நகரும் அன்று என்ற இந்த மூன்றாம் நிலை வெறும் புள்ளிவிபரச் சொல்லாக நின்றுவிடவில்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின்படி, பிரதேச சபையொன்று தன் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுவது சட்டச் சிக்கலுக்கு உள்ளானது. வாக்களித்து உறுப்பினரைத் தெரிவு செய்த மக்களின் பாதையைச் செப்பனிட அவ்வுறுப்பினரால் இயலவில்லை. 2018இலேயே அச்சட்டம் திருத்தப்பட்டது. தெருப்பெயரும் வீட்டிலக்கமும் இன்றித் தோட்டத்தின் பெயரையும் டிவிஷனின் பெயரையுமே முகவரியாகக் கொண்ட மக்களுக்குக் கடிதங்கள் தோட்ட அலுவலகத்தின் வழியாகவே வந்து சேர்ந்தன. வேலைக்கான நேர்முகக் கடிதம் நாள் கடந்து கைக்கு வந்த கதையை மலையகத்தில் எந்த ஆசிரியரும் தம் மாணவரிடம் கேட்டறியலாம். வீட்டுக்கு இலக்கமில்லாத இடத்தில் எந்த வலையமைப்பு யாரைத் தேடிக் கண்டுபிடிக்கும்?

1940இல் ஒரு கணம்

முடிவு செய்யும் உரிமை தொழிலாளிக்கு அந்நியமானது என்று கருதுவோருக்கு ஊவாவின் வரலாறே மறுமொழி கூறுகிறது. 1940ஆம் ஆண்டு மலைநாடெங்கும் வேலைநிறுத்த அலை எழுந்தது. முல்லோயாத் தோட்டத்திற் கோவிந்தன் பொலிஸாரின் துப்பாக்கிக்குப் பலியான ஆண்டு அது. அவ்வலை ஊவாவை அடைந்தபோது, லங்கா சமசமாஜக் கட்சியினரின் வழிகாட்டலில் பதுளைக்கு அருகேயுள்ள வெவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர் தமக்குள்ளே தேர்தல் நடத்தி ஒரு சபையை அமைத்தனர். அச்சபையைக் கலந்தே நடப்பதாகத் தோட்டத்துரை இணங்கவேண்டியதாயிற்று. ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிஸாரைத் தொழிலாளர் நிராயுதபாணிகளாக்கினர் என்பதும் அந்நாளைய வரலாறு.

அடக்குமுறை அவ்வெழுச்சியைத் தோற்கடித்தது. அதற்கு மழையும் துணை நின்றது. வெள்ளம் ஒரு வாரத்துக்கும் மேலாக ஊவாவை நாட்டின் ஏனைய பகுதிகளிலிருந்து துண்டித்துவிட்டது. ஆயினும் தோட்டத்தின் கணக்கேட்டைத் தொழிலாளி எட்டிப் பார்த்த அந்தச் சில நாட்கள் வரலாற்றில் நிலைத்துவிட்டன. தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசும்போது நாம் வெவெஸ்ஸவை நினைப்பதற்குக் காரணம் உண்டு. அளந்தவனிடம் கணக்குக் கேட்கும் ஒரு சபை இருந்தாலன்றி, எந்த அளவும் அளக்கப்பட்டவனின் நன்மைக்குப் பயன்படாது.

மீரியபெத்தை

1990ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் உதவியோடு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரிக்கத் தொடங்கியது. முதலில் தெரிவு செய்யப்பட்ட இரு மாவட்டங்கள் பதுளையும் நுவரெலியாவும் ஆகும். நாளடைவில் மழைக்கும் அளவுகோல் வகுக்கப்பட்டது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு. 100 மில்லிமீற்றர் ஆனால் எச்சரிக்கை. 150 மில்லிமீற்றர் ஆனாலோ, ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலோ வெளியேற்றம். இது மெச்சத்தக்க விஞ்ஞானப் பணி. தேயிலைக்காக மழையை அளந்த மலையில் மனிதனுக்காகவும் மழையை அளக்கும் காலம் வந்தது என்று நாம் மகிழ்ந்திருக்கலாம்.

கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தை லயன்கள் ஆபத்தானவை என்று அந்நிறுவனம் 2005இலும் பின்னர் 2011இலும் எச்சரித்தது. 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை ஏழரை மணியளவில் மலை இறங்கிற்று. லயன்கள் மண்ணுக்குள் மறைந்தன. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் தப்பினர். திரும்பி வந்தபோது அவர்களுட் பலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை.

எச்சரிக்கை இருந்ததே, மக்கள் ஏன் வெளியேறவில்லை என்று கேட்டவர்கள் இருந்தனர். எங்கே வெளியேறுவது? லயன் அறை தோட்டத்துக்குச் சொந்தம். நிலம் அரசுக்குச் சொந்தம். 1992 முதல் முகாமை கம்பெனிகளின் கையில். அறையை விட்டால் வேலைத்தலம் தூரமாகும். வேலை போனால் அறையும் போகும். மாற்றுக் காணியும் வீடும் ஆயத்தமாக இல்லாத இடத்தில் ‘வெளியேறு’ என்ற கட்டளை ஒரு காகிதம் மட்டுமே. இந்த எளிய உண்மையை மறைத்து, மாண்டவரின் அறியாமை மீது பழி சுமத்துவது அறிவுடைமையாகாது.

இன்னொரு செய்தி இதனினும் கொடியது. அங்கே எத்தனை பேர் புதையுண்டனர் என்பதை நாடு பல நாட்களாக அறிந்திருக்கவில்லை. முதலில் நூற்றுக்கணக்கானோர் எனப்பட்டது. பின்னர் அந்தத் தொகை நூற்றுக்குக் கீழே வந்தது. இறுதியில் நாற்பதுக்கும் குறைந்தது. ஒரு கிலோக் கொழுந்து குறைந்தால் அன்று மாலையே கண்டுபிடிக்கும் அமைப்பில், ஒரு குடியிருப்பில் வாழ்ந்தோர் எத்தனை பேர் என்பதைக் கண்டறிய வாரக்கணக்கில் ஆயிற்று. தப்பியவர்கள் ஏறத்தாழ ஈராண்டுகள் மக்கல்தெனியவிற் கைவிடப்பட்டிருந்த பழைய தேயிலைத் தொழிற்சாலையில் வாழ்ந்தனர். 2016இல் அவர்களுக்காக 75 வீடுகள் கட்டி முடிக்கப்பட்டன. அந்த 75 வீடுகளைக் கட்டுவதற்கு மலை இடிந்து விழும் வரை காத்திருக்க வேண்டிய தொழில்நுட்பக் காரணம் எதுவும் இருந்ததில்லை.

நகரமும் தப்பவில்லை

இது தோட்டத்தின் துயரம், நகரத்துக்கு இதில் என்ன என்று பதுளையிலோ பண்டாரவளையிலோ வாழ்வோர் எண்ணிவிடலாகாது. மீரியபெத்தை புதையுண்டு இரண்டு மாதங்கூட ஆகாத 2014 டிசம்பரில், உமா ஓயாத் திட்டத்துக்காக மலையைக் குடைந்து சென்ற சுரங்கத்துள் நிலத்தடி நீர் பாய்ந்தது. பண்டாரவளைச் சுற்றுப்புறத்திற் கிணறுகள் வற்றின, நீரூற்றுகள் மறைந்தன, வீட்டுச் சுவர்களில் வெடிப்புகள் விழுந்தன. 120 மெகாவொற் மின்சாரமும் தென்கிழக்கு வறள் நிலத்துக்கு நீரும் தரவேண்டிய அத்திட்டம் 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. மின்சாரம் நாட்டுக்குத் தேவை. வறள் நிலத்து உழவனுக்கு நீரும் தேவை. ஆயினும் மலைக்குள் நீர் எவ்வழி ஓடுகிறது என்பதை அம்மலையின் மேல் வாழ்வோரிடம் சொல்லாமலும் கேட்காமலும் தொடங்கிய வேலையின் விலையை அவர்களே செலுத்தினர். 2017இல் அதை எதிர்த்து வீதிக்கு வந்தோரிடையே மொழிப் பிரிவினை இருக்கவில்லை. வற்றிய கிணற்றுக்குச் சிங்களமும் தமிழும் ஒன்றே.

நகரம் குடிக்கும் நீர் மலையிலிருந்து வருகிறது. நகரத்தின் சந்தைக்குக் காய்கறியும், கடைக்கு வாடிக்கையாளரும், வைத்தியசாலைக்கு நோயாளரும், பாடசாலைக்கு மாணவரும் அம்மலைகளிலிருந்தே இறங்கி வருகின்றனர். மேலே சரிவில் மண் அரிக்கப்பட்டால் கீழே பதுளு ஓயா கலங்கும். ஆகவே பதுளை மாநகர எல்லைக் கல்லோடு முடிந்துவிடும் ‘ஸ்மார்ட்’ திட்டம் பாதி உடலுக்கு மட்டும் மருந்திடுவதை ஒக்கும்.

உலகம் கற்ற பாடம்

இதே சோதனை பிற நாடுகளுக்கும் நேர்ந்தது. ஆங்கிலேயர் ஆண்ட ஹொங்கொங்கில் 1972 ஜூன் 18ஆம் நாள் ஒரே நாளில் நிகழ்ந்த இரு மண்சரிவுகள் 138 உயிர்களைக் கொண்டன. அவற்றுள் ஒன்று குடிசை வாழ் ஏழைகளையும் மற்றது மாடிவீட்டுச் செல்வரையும் தாக்கிற்று. 1976இல் மீண்டும் உயிர்கள் பலியாயின. 1977இல் சரிவுகளைக் கண்காணிக்கும் தனி அலுவலகம் எழுந்தது. மழைமானிகளும் வானொலி எச்சரிக்கையும் வந்தன. அவற்றோடு நில்லாமல் ஆயிரக்கணக்கான சரிவுகளைப் பதிவு செய்து பலப்படுத்தினார்கள். சரிவுகளில் ஒண்டியிருந்தோருக்குப் பொது வீடுகளைக் கட்டினார்கள். பின்வந்த காலத்தில் அங்கே மண்சரிவுச் சாவுகள் பெரிதும் குறைந்தன. கருவியும் வீடும் சேர்ந்து போனதன் பலன் அது.

பிரேசிலின் றியோ டி ஜெனெய்ரோவில் 2010 ஏப்ரல் மழையில் மலைச்சேரிகள் சரிந்தன. அவ்வாண்டின் இறுதியில், உலகின் ‘ஸ்மார்ட்’ நகரங்களுக்கே முன்மாதிரியெனப் புகழப்பட்ட பெருங் கட்டுப்பாட்டு நிலையம் அங்கே திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் மலைச்சேரிகளில் அபாயச் சங்குகள் நாட்டப்பட்டன. அவை உயிர்களைக் காத்தன என்பது உண்மை. எனினும் அபாய வரைபடத்தையே காரணமாகக் காட்டி ஏழைகளை நகரின் தொலைதூர ஓரங்களுக்கு அகற்ற முனைந்ததும், மக்கள் அதை எதிர்த்து நின்றதும் உண்மை. ஒரே வரைபடம் காவலாகவும் அமையும், வெளியேற்றும் ஆணையாகவும் அமையும்.

எமது மொழி பேசும் உழைப்பாளரின் இன்னொரு மலையையும் நினைவு கூர்வோம். 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, கேரளத்தின் மூணாறுக்கு அப்பாலுள்ள பெட்டிமுடியில் தேயிலைத் தோட்ட லயங்கள் மீது மலை சரிந்து 70 பேர் மாண்டனர். அவர்களுட் பலர் தமிழகத்தின் கயத்தாறுப் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்டோர். மின்சாரமும் தொலைத்தொடர்பும் அறுந்திருந்தமையால் அச்செய்தி மறுநாட் காலையிலேயே வெளியுலகுக்கு எட்டிற்று. நாடு வேறு, கம்பெனி வேறு. லயம் ஒன்றே, சரிவும் ஒன்றே.

செய்யவேண்டியது யாது?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கி 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. அவ்வேளையில் எச்சரிக்கைகள் உரிய நேரத்திற் தமிழிற் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு பகிரங்கமாக எழுந்தது. செய்மதி புயலைக் கண்டது. கணினி அதன் பாதையைக் கணித்தது. கைத்தொலைபேசி ஒவ்வொரு சட்டைப் பையிலும் இருந்தது. கடைசி அடியில் ஒரு மொழிபெயர்ப்பு வராது நின்றால் முன்னைய அத்தனை அடிகளும் வீணே.

ஆகவே ஸ்மார்ட் தொழில்நுட்பம் ஊவாவுக்கு வேண்டும் என்றே நாம் சொல்கிறோம். ஆனால் அது வரவேண்டிய முறையையும் சேர்த்துச் சொல்கிறோம். மழைமானி தோட்ட அலுவலகத்தில் மட்டுமன்றி ஒவ்வொரு லயத் தொகுதியிலும் பாடசாலையிலும் நிற்கவேண்டும். அதை வாசிக்கும் பொறுப்பும், எல்லை கடந்தால் மக்களை எழுப்பும் அதிகாரமும் அங்கு வாழ்வோரிடம் இருக்கவேண்டும். எச்சரிக்கை இரு மொழிகளிலும் ஒரே கணத்தில் ஒலிக்கவேண்டும். அபாய வரைபடம் சிவப்பு நிறம் தீட்டும் ஒவ்வொரு லயத்துக்கும் எதிரே, அம்மக்களுக்குரிய மாற்றுக் காணியின் பெயரும் வீடு முடியும் நாளும் எழுதப்படவேண்டும். வீட்டுக்கு இலக்கமும் பாதைக்குப் பெயரும் காணிக்கு உறுதியும் வேண்டும். பதுளையின் நகரத் திட்டம் அதன் நீரேந்து மலைகளையும் அங்குள்ள குடிகளையும் உட்கொண்டு வரையப்படவேண்டும். மலையைக் குடைபவன் முதலில் அம்மலையின் கிணறுகளை எண்ணட்டும். அந்தக் கணக்கு ஊர்ச் சபையில் வாசிக்கப்படட்டும்.

இவற்றுள் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. தேவையான அறிவு 1990 முதல் எம் கையில் இருக்கிறது. குறைவாயிருப்பது அவ்வறிவை வீடாகவும் காணியாகவும் மாற்றும் அரசியல் உறுதி ஒன்றுதான். அதை வளர்ப்பதில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் பங்குண்டு. ஊவாவின் ஒவ்வொரு தோட்டப் பாடசாலையிலும் ஒரு மழைமானியை நிறுத்துவோம். மாணவர் நாள்தோறும் அதை வாசித்துத் தம் கையால் ஓர் ஏட்டிற் பதியட்டும். அதே ஏட்டின் எதிர்ப்பக்கத்தில், தம் லயத்தில் எத்தனை குடும்பங்கள் வாழ்கின்றன, எத்தனை சுவர்களில் வெடிப்பு விழுந்திருக்கிறது, ஊற்று எந்த மாதத்தில் வற்றியது என்பவற்றையும் எழுதட்டும். மழைக்காலம் தொடங்குமுன் அந்த ஏட்டைப் பிரதேச சபையின் மேசைமீதும் தோட்ட நிருவாகத்தின் மேசைமீதும் விரித்து வைத்து விடை கேட்போம். அடுத்த அக்டோபர் மழை தொலைவில் இல்லை.